பிரேக் விளக்கு: வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல்

மொழியியல் பயின்றோர் கார்ப் பழுதைப் பற்றிப் பொழிவாற்ற முன்வருவது அவையோர் சிலருக்கு வியப்பளிக்கலாம். இப்பொருளை நாம் தேடிச் செல்லவில்லை. அது நம் வீட்டு வாசலுக்கே வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு சாலைச் சந்திப்பில் காத்திருந்தபோது, நெடுநேரம் பின்தொடர்ந்து வந்திருந்த மோட்டார்சைக்கிள் இளைஞர் ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டி, “அங்கிள், பிரேக் லைட் அணையவே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். நன்றி சொல்லவும் நேரமில்லை. வீடு திரும்பியதும் வழக்கமாகச் செல்லும் பட்டறைக்கு அழைத்து, “தம்பி, பிரேக் லைட் அணைய மாட்டேங்குது” என்று அதே தொடரை ஒப்புவித்தோம். “கொண்டு வாங்க சார், பார்த்துருவோம்” என்றார் மெக்கானிக்.

பார்த்தார். ஹேண்ட்பிரேக்கின் கம்பியை இறுக்கினார். பிரேக் ஆயிலின் அளவைச் சரிபார்த்துச் சிறிது ஊற்றினார். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை என்று காட்டி அனுப்பிவைத்தார். மூன்றாம் நாள் காலை கார் கிளம்பவில்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. பழைய பேட்டரிதானே என்று புதியது வாங்கினோம். ஒரு வாரத்தில் அதுவும் தீர்ந்தது. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் திரும்பிய அண்டை வீட்டுக்காரர்தாம், காரின் பின்புறம் நம் வீட்டுச் சுவரில் செம்மை படர்ந்திருப்பதைக் கண்டு கதவைத் தட்டினார். பூட்டிய காரில், யாரும் மிதிக்காத பிரேக்குக்கு மூன்று விளக்குகள் இரவு முழுதும் எரிந்துகொண்டிருந்தன.

மெக்கானிக்கைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பேச்சுத் தமிழில் ‘பிரேக் லைட்’ என்பது இரண்டு விளக்குகளுக்குப் பெயர். ஒன்று, பிரேக்கை மிதிக்கும்போது காரின் பின்புறம் எரிந்து, பின்னால் வருவோருக்குச் செய்தி சொல்லும் விளக்கு. மற்றொன்று, டேஷ்போர்டில் எரிந்து, ஓட்டுநருக்குச் செய்தி சொல்லும் எச்சரிக்கை விளக்கு. இளைஞர் முன்னதைச் சொன்னார். மெக்கானிக் பின்னதைக் கேட்டார். இடையில் நின்ற நாம், சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்டிருந்தும், எந்த விளக்கு என்று கேட்கவில்லை, காரின் பின்னால் சென்று பார்க்கவும் இல்லை.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறார். சில சொற்களுக்கு, அவை கொள்ளும் வினையே பொருளைப் பிரித்துக் காட்டிவிடும். ‘மா’ என்பது மரமா விலங்கா என்ற ஐயம், ‘மா பூத்தது’ என்றவுடன் தீர்ந்துவிடுகிறது. வேறு சில இடங்களில் வினை உதவாது. ‘மா வீழ்ந்தது’ என்றால் மரமும் வீழும், விலங்கும் வீழும். அத்தகைய இடத்தில் சொல்லுவோன் தான் கருதிய பொருளை வெளிப்படையாகக் கிளந்து கூறவேண்டும் என்பது இலக்கணம். ‘பிரேக் லைட் உடைந்தது’ என்று நாம் கூறியிருந்தால், மெக்கானிக் நேரே காரின் பின்புறம் சென்றிருப்பார். டேஷ்போர்டின் சிறு விளக்கு அவ்வாறு உடைவதில்லை. ‘அணையவில்லை’ என்ற வினையோ இரண்டுக்கும் பொது. நூற்பாவை நாற்பது ஆண்டு வகுப்பில் நடத்தியும், தேவைப்பட்ட ஒரு நாளில் அது நமக்குக் கைகொடுக்கவில்லை.

இனி, பின்புறம் எரிவதை நிறுத்தொளி என்றும், டேஷ்போர்டில் எரிவதை எச்சரிக்கை விளக்கு என்றும் இப்பொழிவில் வழங்குவோம். சுவிட்சைச் சுவிட்ச் என்றே விடுகிறோம். இலங்கைப் பாடநூல்கள் அதை ஆளி என்கின்றன. தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் சாவி என்கின்றன. விசை என்போரும் உளர், ஆனால் அச்சொல் இயற்பியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பொருட்கு மூன்று நாட்டில் மூன்று சொல் என்பது பெருமையன்று என்பது நம் கருத்து. அவ்வழக்கை வேறொரு பொழிவில் தொடரலாம்.

நிறுத்தொளிச் சுவிட்ச் எளிய கருவி. ஓட்டுநரின் காலுக்கு மேலே, பிரேக் மிதியின் தண்டுக்கு எதிரே அது பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் முனையில் வில்லால் உந்தப்படும் சிறு முளை ஒன்று உண்டு. மிதி ஓய்ந்திருக்கையில் அதன் தண்டு முளையை உள்ளே அழுத்திவைக்கிறது. அப்போது மின்சுற்று திறந்திருக்கும், விளக்கு எரியாது. மிதியை அழுத்தியவுடன் தண்டு விலகுகிறது, முளை வெளியே வருகிறது, சுற்று மூடுகிறது, விளக்கு எரிகிறது. மனிதர் அழுத்தும்போது சுவிட்ச் விடுபடுகிறது. மனிதர் விடும்போது சுவிட்ச் அழுத்தப்படுகிறது. இந்தத் தலைகீழ் முறையை மாணவர் முதலில் மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதில் விளங்கும்.

பல கார்களில் முளை நேரே இரும்புத் தண்டைத் தொடுவதில்லை. தண்டில் ஒரு துளையிட்டு, அதில் விரல்நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் அல்லது ரப்பர்ப் பொத்தானைச் செருகியிருப்பார்கள். முளை அதன்மேல் படும். வெயிலில் நின்று நின்று, பல ஆண்டுகளில் அப்பொத்தான் நொறுங்கிப்போகிறது. பிறகு முளை துளை வழியே நுழைந்துவிடும்; அழுத்துவார் இல்லாமையால் விளக்கு எரிந்தபடியே இருக்கும். நம் காரில் நேர்ந்தது இதுதான். பொத்தான் முதலில் பிளந்ததே ஒழிய முழுதும் உதிரவில்லை. சில வேளை முளையைத் தாங்கியது, சில வேளை தாங்கவில்லை. பட்டறைக்குச் சென்ற நாளில் அது தாங்கிக்கொண்டிருந்தது போலும். கடைசியில் மெக்கானிக் மிதியடியைத் தூக்கிப் பார்த்தபோது மஞ்சள் நிறத் துணுக்குகள் நான்கைந்து கிடந்தன. புதிய பொத்தானின் விலை சில ரிங்கிட்.

பேட்டரி ஏன் தீர்ந்தது என்பதற்கு ஒரு கணக்கு. நிறுத்தொளிக்கான சாதாரண பல்பு 21 வாட். மூன்று எரிந்தால் 63 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 5 ஆம்பியர். சிறிய காரின் பேட்டரி 40 ஆம்பியர்-மணி அளவினது என்று கொண்டால், எட்டு மணி நேரத்தில் அது வறண்டுவிடும். இரவு பத்துக்கு நிறுத்திய கார் காலை ஆறுக்குக் கிளம்பாது. பெரும்பாலான கார்களில் நிறுத்தொளிச் சுற்று சாவியைச் சார்ந்ததன்று. சாவியை எடுத்தபின்னும் மின்சாரம் அங்கே காத்திருக்கிறது.

இவ்வளவில் நின்றிருந்தால் இது ஒரு விளக்கின் கதை. இன்றைய கார்களில் அச்சுவிட்ச் விளக்குக்கு மட்டும் உரியதன்று. தானியங்கிக் கியர் உள்ள காரில் பிரேக்கை மிதித்தாலன்றிக் கியர்த் தண்டு ‘பி’ நிலையிலிருந்து நகராது. மிதித்ததைக் கியர் அமைப்புக்கு அறிவிப்பது இச்சுவிட்ச். பொத்தானை அழுத்திக் கிளப்பும் காரில், பிரேக் மிதிக்கப்பட்டது என்ற செய்தி வந்தால்தான் எஞ்சின் கிளம்பும். நெடுஞ்சாலையில் குறித்த வேகத்தில் தானே ஓடுமாறு அமைத்துவிட்ட காரில், பிரேக்கைத் தொட்டவுடன் அவ்வமைப்பு விலகவேண்டும். விலகச் சொல்வதும் இதுவே. சறுக்கலைத் தடுக்கும் கணினியும் இதன் சொல்லைக் கேட்கிறது.

தண்டியலங்காரம் கற்ற மாணவருக்கு இது புதிதன்று. ஓரிடத்தில் நின்ற ஒரு சொல், செய்யுளின் பல இடங்களுக்கும் சென்று பொருள் தருவதைத் தீவகம் என்கிறோம். ஓரிடத்தில் வைத்த விளக்கு வீடெங்கும் ஒளி தருவதுபோல என்று விளக்கம் கூறுவர். நிறுத்தொளிச் சுவிட்ச் காரின் தீவகம். அந்த ஒரு சொல் பிழைபட்டால், அதைக் கொண்டு முடியும் தொடர்கள் எல்லாம் பிழைபடும். 2013 ஏப்ரலில் அமெரிக்காவில் ஹியூண்டாய், கியா நிறுவனங்கள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தன. காரணம் இச்சுவிட்ச் ஒன்றே. அறிவிக்கப்பட்ட அறிகுறிகளோ பல: நிறுத்தொளி எரியாமை, வேகக் கட்டுப்பாடு பிரேக்குக்கு விலகாமை, பொத்தானால் கார் கிளம்பாமை, சறுக்கல் தடுப்பின் எச்சரிக்கை விளக்கு எரிதல். இவற்றைத் தனித்தனிப் பழுதுகளாகக் கண்டவர் நான்கு பொருள்களை மாற்றியிருப்பார். ஆகவே, ஒரே நாளில் தொடர்பற்ற பல குறைகள் தோன்றினால், அவை அனைத்தும் யாருடைய சொல்லைக் கேட்கின்றன என்று முதலில் வினவுதல் நன்று.

பழுது ஆராய்ச்சியில் மொழியியலார்க்குப் பழக்கமான இன்னொரு முறையும் பயன்படுகிறது. ஒலியன்களைக் கண்டறிய, மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பொருள் மாறுகிறதா என்று பார்க்கிறோம். ‘பல்’, ‘கல்’ என்பனபோல. வலப்பக்க நிறுத்தொளி மட்டும் எரியவில்லை என்றால், இடப்பக்கப் பல்பை அங்கே பொருத்திப் பாருங்கள். எரிந்தால் குறை பழைய பல்பில்; எரியாவிட்டால் குறை பல்பு அமரும் கூட்டில் அல்லது கம்பியில். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியாதபோது சுவிட்சை மாற்றுவது வீண்செலவு. சுவிட்ச் இரு பக்கத்துக்கும் பொது, ஒரு பக்கம் எரிவதே அதற்குச் சான்று. மூன்றும் ஒருசேர எரியாவிட்டால்தான் பொதுவான இடங்களை, அதாவது ஃபியூசையும் சுவிட்சையும், ஐயுறவேண்டும். சில கார்களில் ஹாரனுக்கும் நிறுத்தொளிக்கும் ஒரே ஃபியூஸ். ஹாரனும் ஊமையாகிவிட்டால் சுவிட்சைத் தொடாமலே ஃபியூஸ் பெட்டியைத் திறக்கலாம்.

ஃபியூஸ் நன்றாயிருந்தால், சோதனை விளக்கையோ மல்டிமீட்டரையோ எடுத்துக்கொண்டு சுவிட்சருகே குனியவேண்டும். சுவிட்சின் ஒரு முனையில் எப்போதும் ஏறத்தாழ 12 வோல்ட் இருக்கும். மறுமுனையில் மிதியை அழுத்தும்போது மட்டும் அது வரவேண்டும். உள்ளே வந்தது வெளியே வரவில்லையானால் குற்றம் சுவிட்சினது. வெளியே வந்தும் விளக்கு இருண்டிருந்தால் சுவிட்ச் நிரபராதி. கம்பியையும் எர்த்தையும் பாருங்கள். எர்த் கெட்டால் ஒரு விந்தை நிகழும்: பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கோ இரவு விளக்கோ மங்கலாக எரியும். திரும்பிச் செல்ல வழியற்ற மின்னோட்டம் அடுத்த விளக்கின் வழியே வெளியேறுவதால் அவ்வாறாகிறது.

பழைய காரோட்டிகளை ஏமாற்றுவது இரு இழைப் பல்பு. ஒரே கண்ணாடிக் குமிழுக்குள் 5 வாட் இழை இரவு விளக்குக்கும், 21 வாட் இழை நிறுத்தொளிக்குமாக இருக்கும். பெரிய இழை அறுந்தபின்னும் சிறிய இழை எரிந்துகொண்டிருக்கும். இரவில் காரைச் சுற்றி வந்து பார்ப்பவர், பின்னால் சிவப்பாக ஏதோ எரிவதைக் கண்டு நிறைவடைந்து விடுவார்.

டேஷ்போர்டின் எச்சரிக்கை விளக்குகளைப் பற்றிச் சிறிது. அவற்றின் வடிவங்கள் பன்னாட்டுத் தர அமைப்பின் 2575 ஆம் எண் தரத்தின்படி அமைந்தவை. ஆதலின் ஜப்பானியக் காரிலும் நம் பெரோடுவாவிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் காணப்படுகின்றன. சிவப்பு உடனே கவனிக்க என்பது; மஞ்சள் விரைவில் கவனிக்க என்பது. வட்டத்துக்குள் வியப்புக்குறி இட்ட சிவப்பு விளக்கு, ஹேண்ட்பிரேக்கை முழுதும் இறக்காவிட்டாலும் எரியும். பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். இதுவும் ஒரு பலபொருள் ஒருசொல்லே. ஹேண்ட்பிரேக்கை இறக்கியபின்னும் அது எரிந்தால் காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே முறை. ஆயில் ஏன் குறைந்தது, ஒழுகியதா, பிரேக் கட்டைகள் தேய்ந்ததால் தாழ்ந்ததா என்று அறியாமல் ஊற்றிக்கொண்டு ஓட்டுவது தகாது. பேட்டரி வடிவ விளக்கும் பிரேக் விளக்கும் ஒருசேர எரிந்தால், சில கார்களில் அது பிரேக்கைப் பற்றியதே அன்று. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை என்பதன் அறிகுறி. எஞ்சின் ஓடுகையில் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கவேண்டும். 12க்குக் கீழே இறங்கினால் கணினிகள் தடுமாறி, கெடாத பொருள்களையும் கெட்டதாக அறிவிக்கும்.

மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நூலைக் கற்பிக்குமிடத்தில், புகையைக் கொண்டு நெருப்பை அறிவது எவ்வாறு என்பதோடு, காரணம்போல் தோன்றிக் காரணமாகாத ஏதுப்போலிகளும் விளக்கப்படுகின்றன. எச்சரிக்கை விளக்கு புகை மட்டுமே. இன்று பட்டறைகளில் கார்க் கணினியோடு இணைத்துக் குறியெண் படிக்கும் கருவி உண்டு. அதுவும் புகையையே காட்டுகிறது. பி 0504 என்ற குறியெண் வந்தால், ‘சுவிட்சை மாற்று’ என்று படிப்போர் பலர். புதிய சுவிட்சுகளுக்குள் இரண்டு தொடுமுனைகள் உள்ளன. ஒன்று மூடும்போது மற்றொன்று திறக்கும். அவ்விரு சாட்சிகளின் கூற்றும் ஒத்துவரவில்லை என்பதே அக்குறியெண்ணின் பொருள். சாட்சி பொய்யா, சாட்சியைக் கொண்டுவந்த கம்பி அறுந்ததா, பொத்தான் நொறுங்கிச் சாட்சி நிலைதடுமாறியதா என்பதைக் கருவி சொல்லாது.

இவ்வளவு நுணுக்கம் ஒரு சிறு விளக்குக்கு வேண்டுமா எனலாம். காலையில் சிங்கப்பூர்ப் பாலத்தை நோக்கிச் செல்லும் மோட்டார்சைக்கிள் வெள்ளத்தில் ஒருமுறை கார் ஓட்டியவர் அவ்வாறு கேட்கமாட்டார். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பெரும்பான்மையினர் மோட்டார்சைக்கிளில் செல்வோர். நம் நிறுத்தொளி அவர்களுக்காகவே எரிகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. எல்இடி விளக்கு இழைப் பல்பைவிட ஏறத்தாழ 0.2 நொடி முந்தி ஒளிர்கிறது. அந்த இமைப்பொழுதே 5 மீட்டர். விளக்கே எரியாவிட்டால் என்னாகும் என்பதை எண்ணிக்கொள்ளலாம். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் விளக்கும் அதே அளவு தீயது. வேறுபாடு இருந்தால்தான் குறிக்குப் பொருள் உண்டு; ஓயாமல் எரியும் நிறுத்தொளி எதையும் சொல்லவில்லை.

குறி பழகினால் வலிமை குன்றும் என்பதற்கும் இவ்விளக்கே சான்று. பின்கண்ணாடியருகே மூன்றாம் நிறுத்தொளியை அமெரிக்கா 1986 மாதிரிக் கார்கள் முதல் கட்டாயமாக்கியது. தொடக்க ஆண்டுகளில் பின்மோதல் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. எல்லாக் கார்களிலும் அது வந்துவிட்டபின், 1998இல் வெளியான அரசு மதிப்பீட்டின்படி, அதன் நிலைத்த பயன் 4.3 விழுக்காடாகத் தணிந்தது. மிகுவழக்கால் தேயும் சொற்களை நாம் அறிவோம்.

பட்டறையில் எவ்வாறு பேசுவது என்பதற்கு வருவோம். ‘நிறுத்தொளி’ என்று சொன்னால் மெக்கானிக் நம்மை வியந்து நோக்குவார், வேலை நடவாது. மலாயில் எச்சரிக்கை விளக்கை ‘லம்பு அமாரான்’ என்று பிரித்துரைப்பர். நம் பேச்சில் அப்பிரிவு இன்னும் ஊன்றவில்லை. அதுவரை கலைச்சொல்லைவிட இடம் குறிப்பது மேல்: ‘காருக்குப் பின்னால் இருக்கும் பிரேக் லைட்’, ‘டேஷ்போர்டில் இருக்கும் பிரேக் லைட்’. அதன்பின் வினைச்சொல்லைக் கவனித்துத் தேர்ந்தால் பாதி ஆராய்ச்சி முடிந்தது. ‘எரியவில்லை’ என்றால் ஒருமுறை நேர்ந்தது. ‘எரிவதில்லை’ என்றால் எப்போதும் நேர்வது. ‘விட்டுவிட்டு எரிகிறது’ என்றால் தளர்ந்த இணைப்பைத் தேடுவார்கள். ‘எரிந்துகொண்டே இருக்கிறது’ என்றால் சுவிட்சையும் பொத்தானையும் பார்ப்பார்கள். ‘எரிந்துவிட்டது’ என்பதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறோம். பல்பு ஒளிர்ந்ததா கருகியதா என்று கேட்பவர் அறியமுடியாது. தமிழ் வினைமுற்று இத்துணை வேறுபாட்டைத் தாங்குகிறது. ‘ரிப்பேர்’ என்ற ஒற்றைச் சொல் அத்தனையையும் மூடிவிடுகிறது.

சோதித்துப் பார்க்க எவர் துணையும் வேண்டா. மாலை மங்கியபின் காரைப் பள்ளிச் சுவரை நோக்கிப் பின்பக்கமாக நிறுத்தி, பிரேக்கை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இடமும் வலமும் ஒரே அளவில் செம்மை கூடவேண்டும். காலை எடுத்தவுடன் அது குறையவேண்டும். மூன்றாம் விளக்கைப் பின்கண்ணாடியின் உட்புறப் பிரதிபலிப்பில் காணலாம். பிறகு காரைவிட்டு இறங்குமுன் மிதியடியைத் தூக்கி, மஞ்சள் துணுக்கு ஏதேனும் கிடக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.